செம்பாக்கம் ஏரியும் சீனரிதான்

கிழக்குத் தாம்பரத்தில் பேருந்து ஏறி வேளச்சேரி சாலையில் போகிறவருக்கு, பள்ளிக்கரணை வந்து சேரும்வரை ஏரி என்று ஒன்று கண்ணில் படாமலே போகலாம். கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், கௌரிவாக்கம், சந்தோஷபுரம், வேங்கைவாசல், மேடவாக்கம் என்று நிறுத்தங்கள் வரும். நகைக்கடையும் பிரியாணிக் கடையும் அடுக்குமாடி விளம்பரமும் மாறி மாறி வரும். ஆனால் இந்தச் சாலை ஏரிகளுக்கு நடுவேதான் ஓடுகிறது. சேலையூர் ஏரி, ராஜகீழ்ப்பாக்கம் ஏரி, செம்பாக்கம் ஏரி, சற்றுத் தள்ளி சிட்லபாக்கமும் மாடம்பாக்கமும். மேட்டில் இருக்கும் ஏரி நிறைந்து கலங்கல் வழிந்தால் அந்த நீர் அடுத்த ஏரிக்கு இறங்கும். இப்படி ஏரி ஏரியாக இறங்கிக் கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பில் போய்ச் சேரும். செங்கல்பட்டை ஏரி மாவட்டம் என்று சொல்வது சும்மா இல்லை. பேருந்தை விட்டு இறங்கிச் சில தெருக்கள் உள்ளே நடந்தால் கரை வந்துவிடும். கரையேறி நின்றால் நீர், சம்பங்கோரை, இரண்டு மூன்று பனை, எதிர்க்கரையில் வரிசையாக மாடி வீடுகள், மேலே அகலமான வானம். இந்தக் காட்சியைக் கணினித் திரையின் பின்னணிப் படமாக வைத்திருப்பவர்களை இந்த வட்டாரத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் தொடங்கி ஓ.எம்.ஆர். அலுவலகங்கள் வரை, திரையைத் திறந்தால் வருவது பனிமலை, பைன் காடு, நீலமான ஒரு மலை ஏரி. ஜன்னலுக்கு வெளியே சதுப்பு, திரையில் சுவிட்சர்லாந்து.

இந்தப் பழக்கம் கணினிக்கு முந்தியது. தமிழில் 'சீனரி' என்று ஒரு சொல் புழங்குகிறது. சலூன் சுவரில், டீக்கடைக் கல்லாப் பெட்டிக்கு மேலே, கல்யாணமான புதிதில் வாங்கிய ஃபிரேமுக்குள் இருப்பது சீனரி. சிவகாசியில் அச்சான காலண்டர்களில் சாமி படத்துக்கும் குழந்தை படத்துக்கும் அடுத்த இடம் அதற்குத்தான்: அருவி, மரப்பாலம், ஓட்டுக்கூரை வீடு, பின்னால் வெள்ளை மலை. எந்த ஊர், யார் எடுத்தது என்று அதில் ஒரு வரியும் இருக்காது. பழைய ஸ்டுடியோக்களில் குடும்பத்தை நிற்க வைத்துப் படம் எடுக்கத் தொங்கவிட்ட துணியிலும் அதே மலை, அதே ஏரி, தப்பினால் தாஜ்மகால். ஆக, சீனரி என்றால் நம் ஊர் அல்லாத ஒன்று என்று நூறு வருடமாகக் கண்ணுக்குப் பழக்கிவிட்டோம். டெஸ்க்டாப் வால்பேப்பர் அந்தக் காலண்டரின் வாரிசு. நான் சொல்ல வருவது ஒன்றுதான். பொழுதுபோக்காகக் கேமரா தூக்குகிறவர்கள் தாம் எடுத்த உள்ளூர் நிலப்படங்களை, இடப்பெயரும் தேதியும் குறித்து, எவரும் பயன்படுத்தலாம் என்ற வெளிப்படையான அனுமதியோடு, முழு அளவில், வால்பேப்பராகப் பொதுவில் வைத்துவிட வேண்டும். ரசனைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. இந்த ஏரிகளுக்கு வேறு கண்சாட்சி கிடையாது.

முதலில் ரசனையையே பார்ப்போம். தட்டையான ஊர், மலை இல்லை, அருவி இல்லை, இதில் எடுக்க என்ன இருக்கிறது என்பது வழக்கமான சலிப்பு. உண்மையில் வால்பேப்பருக்கு வேண்டியது அந்தத் தட்டைதான். சுவரில் மாட்டும் படத்தை ஆள் நின்று பார்ப்பார். வால்பேப்பரை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. எட்டு மணி நேரம் அதன்மேல் வேலை செய்கிறார்கள். இடது ஓரத்தில் ஐகான்கள் வரிசையாக நிற்கும். அடியில் டாஸ்க்பார் ஒரு பட்டையை மறைக்கும். நடுவில் பாதி நேரம் ஒரு எக்செல் கோப்பு திறந்திருக்கும். படத்தில் சரக்கு அதிகமானால் கோப்பின் பெயர் தெரியாது. நீரும் வானமும் மட்டும் இருக்கிற, ஒரு கிடைக்கோட்டில் முடிகிற படம் இதற்கென்றே அளவெடுத்தது போல இருக்கும். உலகத்தில் மிக அதிகம் பேர் பார்த்த படம் என்று பலர் சொல்லும் 'பிளிஸ்' படத்தில் என்ன இருக்கிறது? ஒரு புல்மேடு, வானம், கொஞ்சம் மேகம். 1996 ஜனவரியில் கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் சார்லஸ் ஓரியர் காரை ஓரம் நிறுத்தி எடுத்தது. அவர் நேஷனல் ஜியாகரஃபிக் பத்திரிகைக்குப் படம் எடுத்த தொழில்காரர்தான். ஆனால் இந்தப் படம் யாரும் கேட்டு எடுத்ததல்ல, தோழியைப் பார்க்கப் போகிற வழியில் எடுத்தது. மைக்ரோசாஃப்ட் அதை உரிமையோடு விலைக்கு வாங்கி 2001-ல் விண்டோஸ் எக்ஸ்பி-யின் முகமாக்கியது. தாம்பரத்து பிரவுசிங் சென்டர்களில் வரிசையாக ஒளிர்ந்த அந்தப் பச்சை மேட்டில் ஒரு மரம்கூட இல்லை என்று யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை.

அந்த மேட்டின் கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. அது புல்வெளியே அல்ல, திராட்சைத் தோட்டம். ஃபிலாக்செரா என்னும் பூச்சி வேரைத் தின்றதால் கொடிகளைப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள். அந்த இடைவெளியில் முளைத்த புல்லைத்தான் உலகம் பார்த்தது. பிறகு மறுபடி திராட்சை நட்டார்கள். இன்று அதே இடத்தில் நின்றால் அந்தப் படம் கிடைக்காது. ஒரு நிலம் சில வருடம் மட்டும் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு வால்பேப்பர் ஆவணமாகிவிட்டது. நம் ஏரிகளுக்கு இந்த மாற்றம் பத்து மடங்கு வேகத்தில் நடக்கிறது. ஏரியின் பரப்பை அறிய வருவாய்த்துறையின் அ-பதிவேடும் புலவரைபடமும் இருக்கின்றன. மேலிருந்து பார்க்கச் செயற்கைக்கோள் படம் இருக்கிறது. கரையில் நிற்கிற மனிதனின் கண் உயரத்தில் அது எப்படி இருந்தது என்பதற்கு எதுவும் இல்லை. 1857-லேயே சென்னையில் புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டது. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக லின்னேயஸ் டிரைப் 1858-ல் மதுரையையும் தஞ்சாவூரையும் படம் எடுத்தார். கோபுரம், மண்டபம், அரண்மனை, தெப்பக்குளம் எல்லாம் பதிவாயின. வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய ஒரு சாதாரண ஏரிக்கு அந்தக் கேமராவைத் திருப்ப யாருக்கும் காரணம் இருக்கவில்லை. இன்றும் அதே கதைதான், வேறு விதமாக. 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. முடிச்சூரும் மேற்குத் தாம்பரமும் மூழ்கிய அந்த நாட்களுக்கு ஆயிரக்கணக்கில் படங்கள் உண்டு. அதற்கு முந்தைய நவம்பரில், அதற்கும் முந்தைய மே மாதத்தில், அதே கரையும் அதே கால்வாயும் எப்படிக் கிடந்தன என்று காட்டச் சொன்னால் தேட வேண்டியிருக்கும். வெள்ளம் எவ்வளவு ஏறியது என்று அளக்க, வெள்ளம் இல்லாத நாளின் படம் வேண்டும். அதைப் பத்திரிகைக்காரர் எடுக்கமாட்டார். அவருக்கு அது செய்தி அல்ல. ஞாயிற்றுக்கிழமை காலையில் சும்மா கேமராவோடு கிளம்புகிறவர்தான் எடுப்பார்.

தேதியையும் இடத்தையும் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இதே வட்டாரத்தில் ஒரு முன்னுதாரணம் உண்டு. தாம்பரத்துக்கு வடக்கே சில ரயில் நிலையம் தள்ளியிருக்கும் பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, ராபர்ட் புரூஸ் ஃபூட் ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்கால ஆராய்ச்சி அங்கிருந்துதான் தொடங்குகிறது. அவர் எந்த இடத்தில், எந்த நாளில் எடுத்தோம் என்று குறிக்காமல் சட்டைப்பையில் போட்டிருந்தால் அது வெறும் கூழாங்கல். 'குட் மார்னிங்' என்ற எழுத்தோடு குடும்பக் குழுக்களில் சுற்றி வரும் ஏரிப் படங்களின் நிலையும் அதுதான். வாட்ஸ்அப் சாதாரணமாகப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. கேமரா படத்துக்குள் எழுதி வைத்த நாள், நேரம், இடம் பற்றிய தகவல்களும் கழன்று போகின்றன. 6000-க்கு 4000 பிக்சல் இருந்த மூலப்படம் நாலாவது கைக்குப் போகும்போது மங்கலான ஒரு அஞ்சலட்டை. அது மாடம்பாக்கமா, மதுராந்தகமா என்று சொல்ல ஆளில்லை.

இனி, சாலை முடிகிற இடத்துக்கு வருவோம். பள்ளிக்கரணைதான் இந்த வாதத்துக்கு மிகக் கடினமான சோதனை. அறுபதுகளில் ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்திருந்ததாகச் சொல்லப்படும் சதுப்பு இது. 2007-ல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 2022-ல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் ஏறிய பரப்பு சுமார் 1,247 ஹெக்டேர். நடுவே பல்லாவரம்–துரைப்பாக்கம் இருநூறடிச் சாலை; ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு; சுற்றி ஆராய்ச்சி நிறுவனங்களும் அடுக்குமாடிகளும். பூநாரை வரும் பருவத்தில் சாலையோரம் பைக்குகள் வரிசையாக நிற்கும், முக்காலிகள் விரியும். இங்கே எழும் ஆட்சேபம் நியாயமானது: அழகான படம் பொய் சொல்கிறது. பூநாரைக் கூட்டத்தை ரோஜா நிறத்தில் எடுத்துத் திரையில் வைத்துக்கொண்டால், பார்க்கிறவர் சதுப்பு நலமாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். குப்பைமேட்டை யார் நினைப்பார்? ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அந்தப் பொய் எங்கே உற்பத்தியாகிறது என்று பாருங்கள். 400 மில்லிமீட்டர் லென்ஸில் ஒற்றைப் பறவையைப் பிடித்தால் பின்னணி முழுக்கக் கரைந்து போகும். நீலத் தாழைக்கோழி அமேசான் காட்டில் நிற்பதுபோலத் தெரியும். அதே இடத்தில் அகலக்கோண லென்ஸ் வைத்தால் தப்பிக்க முடியாது. நீரின் விளிம்பில் பூநாரை, அதற்குப் பின்னால் கோரை, அதற்கும் பின்னால் இருபது மாடிக் கட்டடம், ஓரத்தில் மின்கம்பி, தூரத்தில் புகைத்திட்டு. நிலப்படம் பறவைப் படத்தைவிட நேர்மையானது, ஏனென்றால் அதில் மறைக்க இடமில்லை. கணினித் திரை கேட்பதும் அகலத்தைத்தான். கேமராவின் 3:2 படத்தைத் திரையின் 16:9 அளவுக்கு வெட்டும்போது 4000 வரிசையில் 625 வரிசை போய்விடும். மேலே வெட்டுவதா, கீழே வெட்டுவதா என்பதில்தான் எடுத்தவரின் நாணயம் தெரியும். கட்டடத்தின் உச்சியை வெட்டுவதைவிட, காலடியில் இருக்கும் ஆகாயத்தாமரையை வெட்டுவதைவிட, மேலிருக்கும் வெறும் வானத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுப்பது நல்லது.

அடுத்தது சட்டம். இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்வது 'இலவசம்' என்ற சொல்லை. ஒரு படத்தைக் காசு வாங்காமல் அனுப்பிவிட்டால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, படம் எடுத்த கணமே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்யத் தேவையில்லை. முன்பு புகைப்படத்துக்கு வெளியான நாளிலிருந்து அறுபது வருடம் என்று கணக்கு. 2012 திருத்தத்துக்குப் பிறகு மற்ற படைப்புகளைப் போலவே எடுத்தவர் ஆயுள், அதன்மேல் அறுபது வருடம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்று இருபத்தைந்து வயதில் ஒருவர் சிட்லபாக்கம் ஏரியைப் படம் எடுத்து, ஐம்பது வருடம் வாழ்ந்து, ஒரு வார்த்தையும் எழுதி வைக்காமல் போய்விட்டால், நூற்றுப் பத்து வருடத்துக்கு அந்தப் படத்தை எந்தப் பாடநூலும் அருங்காட்சியகமும் பயமின்றிப் பயன்படுத்த முடியாது. எடுத்தவருக்கு ஆட்சேபமே இருந்திருக்காது. கேட்கத்தான் ஆள் இருக்காது. இந்த முடிச்சை அவிழ்க்கத்தான் கிரியேட்டிவ் காமன்ஸ், தமிழில் படைப்பாக்கப் பொதுமங்கள், 2002 முதல் உரிமங்களைத் தந்திருக்கிறது. என் பெயரைச் சொல், மாற்றினால் நீயும் இதே நிபந்தனையில் கொடு, மற்றபடி எடுத்துக்கொள் என்பது அதில் ஒரு வகை. கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க முடியாது என்பது அதன் பலம். 2004-ல் தொடங்கிய விக்கிமீடியா காமன்ஸ் இந்த உரிமத்தில் படங்களைச் சேர்க்கிறது. தமிழ் விக்கிப்பீடியர்கள் 2011 நவம்பர் முதல் 2012 பிப்ரவரி வரை ஓர் ஊடகப் போட்டியே நடத்தினார்கள். தொழில்முறை அல்லாதவர்கள் எடுத்த ஊர், பயிர், கோயில், உணவு எல்லாம் குவிந்தன. 2007-ல் தொடங்கிய 'தமிழில் புகைப்படக்கலை' குழுவோ மாதாமாதம் போட்டி வைத்து ஒரு தலைமுறைக்கே கேமரா பிடிக்கத் தமிழில் கற்றுக்கொடுத்தது. ஆக, ஆளுக்கும் ஆர்வத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. ஏரிகள் மட்டும் இன்னும் வரிசையில் வரவில்லை.

இலவசமாகக் கொடுத்தால் தொழில்முறைப் புகைப்படக்காரர் வயிற்றில் அடிப்பதாகாதா என்பார்கள். கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் அளவுப் படம், கடைத்திறப்பு: உள்ளூர் ஸ்டுடியோ பிழைப்பது இவற்றில். ராஜகீழ்ப்பாக்கம் ஏரியை எடுத்துத் தாருங்கள் என்று எவரும் அங்கே முன்பணம் கட்டியதில்லை. இல்லாத சந்தையைக் கெடுக்க முடியாது. ஆனால் உலக அளவில் இந்தக் கேள்விக்கு வேறு பதில் உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. 2013-ல் பத்துப் படங்களோடு தொடங்கிய அன்ஸ்பிளாஷ், உரிமை முழுதையும் விட்டுக்கொடுத்த படங்களின் கிடங்காக வளர்ந்தது. 2017-ல் தன் சொந்த உரிமத்துக்கு மாறியது. 2021-ல் படங்களை விற்பதே தொழிலான கெட்டி இமேஜஸ் அதை வாங்கியது. பொழுதுபோக்காளர்கள் அன்பளிப்பாகக் கொடுத்தது ஒரு வணிக நிறுவனத்தின் சொத்துப் பட்டியலில் போய் உட்கார்ந்தது. சட்டப்படி தப்பில்லை. ஆனாலும் கோயில் உண்டியல் என்று நினைத்துப் போட்ட காசு பக்கத்துக் கடைக் கல்லாவில் விழுந்தது போலத்தான். ஆகவே கொடுக்கிறவர் எங்கே, எந்த நிபந்தனையில் கொடுக்கிறோம் என்று பார்த்துக் கொடுக்க வேண்டும். இதற்குப் பயந்து, வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று போட்டுவிடலாமே என்று பலருக்குத் தோன்றும். அதை நான் வேண்டாம் என்பேன். அப்படிப் போட்டால் பெரிய கம்பெனியோடு சேர்த்துச் சிவகாசிக் காலண்டர்காரரையும் வெளியே தள்ளுகிறோம். அவர் அல்லவா முதலில் இந்தப் படத்தை எடுத்துக்கொள்ள வேண்டியவர்? டீக்கடைச் சுவரில் ஆல்ப்ஸ் மலை இருந்த இடத்தில், கீழே ஊர்ப் பெயரோடு செம்பாக்கம் ஏரி தொங்கினால், அச்சடித்தவர் நாலு காசு பார்ப்பதில் யாருக்கு என்ன நட்டம்?

இடத்தைச் சொல்வதில் எல்லை உண்டு. மேடவாக்கத்துக்குப் பக்கத்து நன்மங்கலம் காப்புக்காட்டில், கைவிட்ட கல்குவாரிப் பாறைகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. கூட்டின் இடத்தைத் துல்லியமாகப் போட்டால் அடுத்த வாரம் முப்பது லென்ஸ்கள் அங்கே இருக்கும். கூடு, குஞ்சு என்றால் இடத்தை மறைப்பதே முறை. தாம்பரம் விமானப்படைத் தளத்தின் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1937-ல் சென்னைக் கிறித்துவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டுத் தாம்பரத்துக்கு வந்தபோது கிடைத்த புதர்க்காடு இன்றும் மரமும் மானுமாக நிற்கிறது. அங்கே எடுக்க அனுமதி கேட்க வேண்டும். ஏரிக்கு இந்தத் தடை ஏதுமில்லை. ஏரி எங்கே இருக்கிறது என்பது ரகசியமல்ல. அது எங்கே இருக்கிறது என்று ஊர் மறந்துபோனதுதான் தொல்லை.

இப்போதெல்லாம் டெஸ்க்டாப்பை யார் பார்க்கிறார்கள், எல்லாம் கைப்பேசிதானே என்று ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. இ-சேவை மையத்திலும் பத்திரப் பதிவு அலுவலகத்திலும் பள்ளிக் கணினி அறையிலும் இன்னும் மேசைத் திரைதான். அரசு 2011 முதல் கொடுத்த மடிக்கணினிகள் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின. கைப்பேசிக்கும் அதே படத்தை நிமிர்த்தி வெட்டிக்கொள்ளலாம், முழு அளவில் கொடுத்திருந்தால். இதைவிடக் கூர்மையான கேள்வி, படம் வரையும் செயற்கை நுண்ணறிவைப் பற்றியது. ஒரு வரி எழுதினால் பனையும் நீரும் பொன்வெயிலுமாக எத்தனை ஏரி வேண்டுமானாலும் அது தரும், நம்முடைய சுமாரான படம் எதற்கு? அது தரும் ஏரியில் மதகு எந்தப் பக்கம் என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஏரி எந்த மழையிலும் நிறையாது, எந்தக் கோடையிலும் வெடிக்காது, எந்தக் கழிவுநீர்க் குழாயும் அதில் வந்து விழாது. செம்பாக்கம் ஏரியைச் சீரமைக்கும் பணியில் கேர் எர்த் டிரஸ்ட், ஐ.ஐ.டி. முதலான அமைப்புகள் இறங்கியபோது கைகொடுத்திருக்கக் கூடியது, இருபது வருடத்துக்கு முன் யாரோ ஒருவர் கரையில் நின்று எடுத்த, அடிவானம் கொஞ்சம் சாய்ந்துபோன, நிஜமான படம்.

ஆகவே, தாம்பரம் மாநகராட்சியிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் கேமராவோ நல்ல கைப்பேசியோ வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரியை வருடத்தில் இரண்டு முறை, ஒரே இடத்தில் நின்று எடுங்கள்: வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த ஜனவரியில் ஒன்று, கத்திரி வெயிலில் ஒன்று. மூலத்திலிருந்து சுருக்காமல், மேலே சொன்ன பொதும உரிமத்தோடு விக்கிமீடியா காமன்ஸில் ஏற்றுங்கள். ஓரத்தில் பெயரைப் பொறித்துப் படத்தைக் கெடுக்காதீர்கள். பெயரைச் சொல்லவேண்டும் என்று உரிமமே கட்டாயப்படுத்துகிறது. தலைப்பில் 'அழகிய மாலை' என்று எழுதாமல் ஏரியின் பெயர், எந்தக் கரை, என்ன தேதி என்று எழுதுங்கள். ஜனவரியில் ஏரி நிறைந்திருக்கும். மேற்குக் கரையில் நின்றால் காலை ஆறரை மணிக்கு மேல் வெயில் நீரின்மேல் நேராக வரும்.